மாத்திரையின் மேல் ஓடு

என்னுடைய இடது கிட்னி என் தம்பியின் வயிற்றில் நான்கு வருடமும் இரண்டு மாதமும் வேலை செய்தது. அதன் பிறகு செய்யவில்லை. யாராவது விசாரித்தால் எங்கள் வீட்டார் "ஒத்துக்கல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஏதோ ஓட்டல் சாம்பார் ஒத்துக்கொள்ளாமல் போன மாதிரி. நான்கு வருடம் ஒழுங்காக ஒத்துக்கொண்ட கிட்னி அது. அதற்கு வாய் இருந்திருந்தால் என்னைப் போலவே கத்தி ஊரைக் கூட்டியிருக்கும்.

நான் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் மனு வாங்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவள். திங்கட்கிழமை ஆனால் காலை எட்டு மணிக்கே வரிசை வாசலைத் தாண்டிவிடும். கையெழுத்துப் போடாமல் வருகிறவர்கள், போட்டோ ஒட்டாமல் வருகிறவர்கள், போன வாரம் கொடுத்த மனுவையே மறுபடி கொண்டு வருகிறவர்கள் என்று எல்லாரையும் திட்டித் திட்டியே எனக்கு இந்த வாய் வந்தது என்று என் கணவர் சொல்வார். அது உண்மையில்லை. வாய் முன்னாலேயே இருந்தது, வேலைதான் பின்னால் கிடைத்தது. தம்பி எனக்கு ஒன்பது வயது இளையவன். அம்மா போன பிறகு அவனைத் திட்டும் உரிமை முழுவதும் எனக்கு வந்து சேர்ந்தது. அதை நான் வீணாக்கவில்லை.

அவனுக்குப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை. முப்பத்தைந்து வயதிலேயே பிரஷர் இருந்திருக்கிறது. தலைவலி வந்தபோதெல்லாம் டீ குடித்திருக்கிறான், அவ்வளவுதான் அவன் செய்த வைத்தியம். கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு கிட்னியும் போயிருந்தன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவன் மனைவிக்குச் சர்க்கரை, அவளால் கொடுக்க முடியாது. அப்பா அம்மா இல்லை. மிச்சம் நான்தான் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் வாயைத் திறந்து கேட்கவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை மருத்துவ உதவி கேட்டு மனு எழுதிக்கொண்டு அவனே வரிசையில் நின்றான். அக்கா உள்ளே இருக்கிறாள், நேராக வந்திருக்கலாம். வீங்கிய காலோடு இரண்டு மணி நேரம் நின்று, அவன் முறை வந்ததும் என் மேசையில் தாளை வைத்தான். 

"வரிசைல நிக்கறதுக்கு ஒடம்புல தெம்பு இருக்குதா ஒனக்கு? யார் கண்ணுல மண்ணத் தூவ இந்த வேசம்? கிட்னி நான் தர்றேன். போய் உக்காரு அந்தப் பெஞ்சுல" என்றேன். அன்புக்காகக் கொடுத்தேன் என்று எழுதினால் பொய். அத்தனை பேர் முன்னால் அவன் நின்ற விதம் எனக்குப் பொறுக்கவில்லை, அதற்காகக் கொடுத்தேன்.

சென்னை ஆஸ்பத்திரியில் ஒரு கமிட்டி என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்டது. யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்றார்கள். என்னைக் கட்டாயப்படுத்த இன்னும் ஆள் பிறக்கவில்லை என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் ஆமாம் என்று தலையாட்டினார். அவருக்கு இதில் துளியும் சம்மதமில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார். போட்ட அன்றிலிருந்து இன்றுவரை "நான் அப்பவே சொன்னேன்" என்பதை விடவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. கெட்டுப்போன இரண்டு கிட்னியை எடுக்கமாட்டார்களாம். அவை அங்கேயே இருக்க, என்னுடையதை அடிவயிற்றில் வலப்பக்கம் வைத்துத் தைத்துவிடுவார்களாம். ஆக அவனுக்கு மூன்று, எனக்கு ஒன்று. என்னுடையது இருந்த இடத்தில் ரத்தக் குழாயை மூட ஒரு சின்ன கிளிப் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். அது ஆயுசுக்கும் உள்ளேயே இருக்குமாம், ஒன்றும் செய்யாதாம். கொடுத்தது ஒரு கிட்னி, பதிலுக்கு வந்தது ஒரு கிளிப்.

அவனுக்கு ஒரு கனமான ஃபைல் கொடுத்தார்கள். எந்த மாத்திரை எப்போது, எந்த மாதம் எந்த ரத்தப் பரிசோதனை, என்ன சாப்பிடக் கூடாது, கூட்டத்துக்குள் போகக் கூடாது என்று பக்கம் பக்கமாக. எனக்கு ஒரு தாள். வருடத்துக்கு ஒருமுறை பிரஷர், சிறுநீர் பரிசோதனை, வலி மாத்திரை கூடாது, அவ்வளவுதான். விலாவுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு இன்றுவரை தொட்டால் உணர்ச்சி இல்லை. மூட்டு வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் வருடம் எனக்கும் பிரஷர் வந்தது. வயதானாலும் வரும் என்றார் டாக்டர். அவரையும் திட்டலாம் போலிருந்தது. சொந்தக்காரர்கள் வந்தால் அவனுக்குத்தான் ஆப்பிள். மறுபிறவி எடுத்தவன் அல்லவா. கொடுத்தவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள்.

மாத்திரைகளில் ஒன்று முக்கியமானது. கேப்சூல். காலை எட்டு, இரவு எட்டு, மணி தவறக் கூடாது. வெளியிலிருந்து வைத்த உறுப்பை உடம்பு எதிரியாக நினைத்துத் தாக்குமாம். தாக்காமல் அதை அடக்கி வைப்பது இந்த மருந்துதான். அளவு குறைந்தால் உடம்பு விழித்துக்கொள்ளும், கூடினால் கிட்னியே கெடும். இதெல்லாம் அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஃபைலை அவன் பீரோவில் வைத்தான். நான் வரி விடாமல் படித்தேன். தினமும் காலையும் இரவும் எட்டு மணிக்குப் போன் செய்வேன். "போட்டியா?" என்பேன். "போட்டேங்க்கா" என்பான். வைத்துவிடுவேன். அது அவன் மேல் இருந்த அக்கறையா, என் பொருள் மேல் இருந்த அக்கறையா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்த மருந்தில் ஒரு தொல்லை, கை நடுங்கும். அவன் தொழிலே ஊசிமுனை அளவு இடத்தில் ஈயம் வைப்பது. பூதக் கண்ணாடிக்குக் கீழே போனைப் பிரித்து வைத்துக்கொண்டு விரல் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். கடைசியில் ரிப்பேரை வேலைக்காரனிடம் விட்டுவிட்டு, கவர், சார்ஜர், ஹெட்போன் விற்கும் கடையாக மாற்றினான். அதன் திறப்பு விழாவில்தான் எங்களுக்குள் முறிந்தது. மைக் பிடித்து எல்லாருக்கும் நன்றி சொன்னான். அண்ணாமலையாருக்குச் சொன்னான், டாக்டருக்குச் சொன்னான், அட்வான்ஸ் கொடுத்து உதவிய மச்சானுக்கு, அதாவது மனைவியின் அண்ணனுக்கு, சால்வை போட்டான். நான் முதல் வரிசையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசிவரை என் பெயர் மட்டும் வரவில்லை.

சின்னப் புத்தி என்று நினைக்கிறவர்கள் ஒரு கிட்னியைக் கொடுத்துவிட்டு நினைக்கட்டும். அன்று இரவு எட்டு மணிக்கு நான் போன் செய்யவில்லை. மறுநாளும் இல்லை. அவனும் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது.

கார்த்திகை பிறந்ததும் அவன் சபரிமலைக்கு மாலை போட்டான். கிட்னி பிடித்துக்கொண்டால் மூன்று வருடம் மலைக்கு வருவதாக வேண்டுதலாம். கூட்டத்துக்குள் போகாதே என்று ஆஸ்பத்திரி சொன்னதெல்லாம் வேண்டுதலுக்கு முன்னால் நிற்குமா? மாலை போட்டவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, சாமி என்றுதான் அழைக்க வேண்டும். மூக்கு ஒழுகிக்கொண்டு என் இடுப்பில் கிடந்தவனை நான் சாமி என்று கும்பிட வேண்டும். அதனாலேயே அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன்.

கார்த்திகை தீபத்தன்று மட்டும் போகாமல் இருக்க முடியாது. அவன் வீட்டு மாடியிலிருந்து தீபம் ஏற்றும் மலை உச்சி நேராகத் தெரியும். வருடாவருடம் குடும்பமே அங்கேதான் கூடும். பத்து மணிக்கு மேல் ஆட்டோவை ஊருக்குள் விடமாட்டார்கள் என்பதால், பொரி உருண்டை டப்பாவை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று காலையிலேயே போனேன். சாயங்காலம் எங்கள் மொட்டைமாடியில் நின்று கும்பிட்டுக்கொள்ளலாம் என்று தீர்மானித்திருந்தேன்.

அவன் மனைவி வாசலிலேயே என்னை மறித்தாள். "அண்ணி, சாமி பூஜைல இருக்காரு. மாலை போட்டிருக்கறவரு. இன்னைக்கு ஒரு நாளு எதுவும் திட்டிடாதீங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

நான் வாயைத் திறக்கும் முன்பே எனக்குப் பூட்டுப் போடுகிறாள் என்று ஆத்திரம் வந்தது. டப்பாவோடு உள்ளே போனேன்.

கறுப்பு வேட்டியில், படத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு துண்டு வாழையிலை. கையில் அந்தக் கேப்சூல். இரண்டு விரலால் பிடித்து முறுக்கி அதைத் திறந்தான். திறந்து, உள்ளே இருந்த பொடியை இலையில் தட்டினான். நடுங்குகிற கை. பொடி இலையில் கொஞ்சம் விழுந்தது, தரையில் கொஞ்சம் விழுந்தது, கறுப்பு வேட்டியில் வெள்ளையாகக் கொஞ்சம் விழுந்தது. வெறும் ஓட்டைப் பக்கத்திலிருந்த டம்ளரில் போட்டான். டம்ளரில் அப்படிப்பட்ட ஓடுகள் பாதிக்கு மேல் இருந்தன. பிறகு இலையைக் குழித்து ஒரு வாய் தண்ணீர் விட்டு, அண்ணாந்து குடித்தான். இலையில் ஒட்டியது இலையிலேயே இருந்தது.

முழுதாக விழுங்க வேண்டும், உடைக்கக் கூடாது. ஃபைலில் அது கொட்டை எழுத்தில் இருக்கும். நான் படித்த வரி. தப்பு என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்தது.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் டம்ளரைப் பார்த்தேன். அவனும் டம்ளரைப் பார்த்துவிட்டு மறுபடி என்னைப் பார்த்தான். வசவு வாய்வரை வந்தது. அப்போது மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். திட்டக் கூடாது என்றுதானே வாசலில் சொன்னாள், சரி, திட்டவில்லை. சால்வை வாங்கிய மச்சான் வந்து சொல்லட்டும். பெரிய சாமி ஆகிவிட்டார், சாமிக்குத் தெரியாததா. டப்பாவைக் கீழே வைத்தேன். "சாமி சரணம்" என்றேன். அவன் முகம் மலர்ந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

தீபம் முடிந்து இரண்டு நாளில் போன் செய்து அவளிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். பௌர்ணமிக் கூட்டம், ஆபீஸில் வேலை ஜாஸ்தி, என் மூட்டு வலி. இதெல்லாம் சாக்கு. போனைக் கையில் எடுப்பேன், மைக்கும் சால்வையும் ஞாபகம் வரும், கீழே வைத்துவிடுவேன்.

தை பிறந்து அவன் மலைக்குப் போய்விட்டு வந்தான். மாசியில் முகம் வீங்கியது. காலும் வீங்கியது. அவன் மனைவி அழுதுகொண்டே போன் செய்தபோது என் கணவர் "நான் அப்பவே" என்று ஆரம்பித்தார். அவரை முறைத்துவிட்டுச் சென்னைக்குக் கிளம்பினேன்.

இளம் வயது டாக்டரம்மா ஒருத்தி அவன் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு கேட்டாள். "மாத்திரைய விட்டீங்களா?"

"ஒரு வேள கூட விட்டதில்ல மேடம்" என்றான். அது உண்மைதான்.

"டிசம்பர்ல எடுக்க வேண்டிய ரத்த டெஸ்ட்?"

"மாலை போட்டிருந்தேன் மேடம். கழட்டிட்டு எடுத்துக்கலாம்னு வுட்டுட்டேன்."

அவள் விடாமல் தோண்டினாள். கடைசியில் வந்தது. விரதக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் எவனோ போட்டிருக்கிறான், கேப்சூலின் மேல் ஓடு மாட்டு எலும்பிலிருந்து எடுப்பது என்று. இவன் மாலை போட்டுவிட்ட குருசாமியிடம் போய்க் கேட்டிருக்கிறான். அவர் நல்ல மனுஷர். "மருந்துக்கு விரதம் கெடையாது சாமி, பேசாம முழுங்குங்க" என்றுதான் சொல்லியிருக்கிறார்.

"அப்புறம் ஏன் உடைச்சீங்க?"

"மனசு கேக்கல மேடம். மருந்து உள்ள இருக்கற பொடிதானே, ஓடு வெறும் மூடிதானேன்னு நெனச்சேன்."

மாலையைக் கழற்றிய மறுநாளே மட்டன் பிரியாணி தின்றவன் இவன். வருடத்தில் முந்நூறு நாள் எந்த எலும்பையும் விட்டுவைக்காதவன். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அதை நான் சத்தமாகவே சொன்னேன். டாக்டரம்மா என்னை அடக்கிவிட்டு அவனிடம் திரும்பினாள்.

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தா ஏதாவது வழி பண்ணியிருப்போமே சார். இந்த மருந்துல துளி கம்மியானாலும் கணக்கு மாறிடும். அந்த ரெண்டு மாசம் ஒங்க உள்ள எவ்ளோ போச்சு, எவ்ளோ கீழ போச்சுன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது." பிறகு என்னைப் பார்த்து, "இதனால மட்டும்தான்னும் அடிச்சுச் சொல்ல மாட்டேன்மா. நாள்பட வேற காரணத்தாலயும் போகலாம்" என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாளோ, உண்மையைச் சொன்னாளோ. எனக்கு அது காதில் ஏறவில்லை. அவனைத் திட்ட ஒரு காரணம் கிடைத்துவிட்டது, அதைப் பங்குபோட நான் தயாராக இல்லை.

கிட்னியிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். கொஞ்சம் தேறியது, மறுபடி சரிந்தது. ஆடியில் திரும்பவும் டயாலிசிஸுக்கு வந்துவிட்டான், இந்த முறை எங்கள் ஊரிலேயே ஒரு தனியார் மையத்தில். என்னுடையதை வெளியே எடுப்பார்களா என்று கேட்டேன். தொந்தரவு கொடுக்காதவரை எடுக்கமாட்டோம் என்றார்கள். இப்போது அவனுக்குள் செத்த கிட்னி மூன்று.

போன மாதம் என் மகள் சென்னையிலிருந்து போன் செய்தாள். அவளுக்கு இருபத்து நான்கு வயது, இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். "அத்தை பேசினாங்கம்மா. என் பிளட் குரூப் இன்னான்னு கேட்டாங்க. கமிட்டில அனுமதி வாங்கிக்கலாமாம்" என்றாள்.

நான் செருப்பு மாட்டியதுகூட எனக்கு ஞாபகமில்லை. அன்று செவ்வாய்க்கிழமை, அவனுக்கு டயாலிசிஸ் நாள். நேராக அங்கே போனேன். மையத்தில் நான்கு கட்டில், நான்கு மெஷின். அவன் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள். அவளை விட்டுவிட்டுக் கட்டிலருகே போனேன்.

"எம்பொண்ணு கிட்னி வேணுமா ஒனக்கு? என்னுத அள்ளித் தரையில கொட்டுனது பத்தாதா? கால நீட்டிப் படுத்துக்கினு அடுத்த ஆளப் பாக்கறியா?"

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஓடி வந்து, "மேடம், மத்தவங்களும் இருக்காங்க, மெதுவா" என்றாள். அவளையும் இரண்டு வார்த்தை சொன்னேன்.

தம்பியின் முகத்தில் ரத்தமே இல்லை. இடது கையில் இரண்டு ஊசி, இரண்டு குழாய். அசையாமல் சொன்னான்: "அவ கேட்டது எனக்குத் தெரியாதுக்கா. எனக்கு யாருதும் வேணாம். பாப்பாகிட்ட சொல்லிடு."

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அறிவு இருந்துச்சா ஒனக்கு? நடுங்கற கையி, அதுல ஓட்டப் பிரிச்சுத் தட்டிக்கினு. எவனோ ஒரு நாயி போன்ல போட்டான்னு. கேக்கறதுக்கு ஆளா இல்ல ஒனக்கு?"

"குருசாமி முழுங்குன்னாரு. நான் கேக்கல" என்றான். "ஆனா மனசுல பயம் இருந்துக்கினேதான் இருந்துச்சுக்கா. தப்பா செய்யறமோன்னு. தீபத்தன்னைக்கு நீ வந்து நின்ன. நான் தட்டினதப் பாத்த, டம்ளரப் பாத்த. செத்தோம்டான்னு நெனச்சேன். நீ ஒண்ணுமே சொல்லல. சாமி சரணம்னுட்டுப் போயிட்ட."

"அதுக்கு?"

"தப்பா இருந்தா அக்கா வுடுமா? மாலையாவது மண்ணாவதுன்னு கிழிச்சிருக்கும். அது ஒண்ணும் சொல்லலன்னா சரியாத்தான் செய்யறோம்னு அன்னையிலிருந்து பயமில்லாம தட்டினேன்."

குற்றம் சாட்டவில்லை. நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

அந்தப் பெண் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம் மெஷின் ஓடியது. ஊசியைப் பிடுங்கிப் பஞ்சு வைத்ததும், ரத்தம் நிற்கும்வரை அந்த இடத்தை நான்தான் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.